சுடருக்குச் சாட்சி

காஞ்சிபுரத்தில் வைகாசி மாதம் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை என்றால் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்த நாட்களில் ஓட்டல்களிலும் பேக்கரிகளிலும் இரவு பகலாக அடுப்பு எரியும். சில ஆண்டுகளுக்கு முன், கருட சேவைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எனக்குப் பழக்கமான பேக்கரிக்காரர் ஒருவர் கல்லூரி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஓவன் படுத்துது. குமிழை அமுக்கிப் பத்த வச்சா எரியுது. கையை எடுத்தா அணைஞ்சு போவுது. மெக்கானிக் ஊர்ல இல்லே. நீங்க பௌதிக வாத்தியார்தானே, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பௌதிகம் கற்பிப்பவனுக்கு ஓவன் பழுதுபார்க்கத் தெரியும் என்பது ஊரார் நம்பிக்கை. போய்ப் பார்த்தேன். ஓவன் நன்றாகவே எரிந்து கொண்டிருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது. குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. அங்கே வேலை செய்த பையன் ஒரு மூங்கில் சீவலைச் செருகி, குமிழ் எப்போதும் அமுங்கியே இருக்கும்படி முட்டுக் கொடுத்திருந்தான். "தீ எரியுதே சார், அப்புறம் என்ன?" என்றான்.

அப்புறம் என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். எங்கள் ஊர்க் கோயில் இட்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். மடைப்பள்ளி விறகு அடுப்பில் தீ அணைந்தால் என்ன ஆகும்? புகை கிளம்பும், கண் எரியும், விறகு விறகாகவே கிடக்கும். தீ போனால் ஆபத்தும் போயிற்று. வாயு அடுப்பில் இது தலைகீழ். தீ அணைந்த அந்த நொடியில்தான் ஆபத்து பிறக்கிறது. சுடர் போன பிறகும் குழாய் வாயுவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். விறகுக்குக் காவல் தேவையில்லை, வாயுவுக்குத் தேவை.

எவ்வளவு ஆபத்து என்று ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஓவன் அறையின் கொள்ளளவு 300 லிட்டர். நம் சமையல் வாயு காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும் கலவையாகிவிடும். 300 லிட்டரில் 2 சதவீதம் என்பது 6 லிட்டர். மணிக்கு 300 கிராம் வாயுவை எரிக்கும் பர்னர், அணைந்த நிலையில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வாயுவை வெளியே விடும். ஆக, மூன்று நிமிடத்துக்குள் ஓவன் ஒரு வெடிகுண்டாகத் தயாராகிவிடுகிறது. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. எனவே மேலே போய்க் கலைந்து போகாமல் ஓவனின் அடியிலும் தரையிலும் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஒருவர் கதவைத் திறந்து தீக்குச்சியை நீட்டினால் நேரக்கூடியதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வாயுவைப் பற்றவைப்பது மனிதனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு தலைவலிதான். 1823-இல் ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்ற வேதியியல் பேராசிரியர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சினார். தீக்குச்சியும் இல்லை, பொறியும் இல்லை. வாயு தானாகவே பற்றிக்கொண்டது. பிளாட்டினம் தான் மாறாமல் வினையை மட்டும் விரைவுபடுத்தியது. இன்று வினையூக்கி என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்களே, அதன் தொடக்கக் காட்சிகளில் இது ஒன்று. இதைக் கொண்டு அவர் செய்த விளக்கு ஐரோப்பாவில் பலரது மேசையில் இடம் பெற்றது. உரசினால் பற்றும் தீக்குச்சி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்ததோ 1827-இல். அதாவது, லைட்டர் தீக்குச்சிக்கு அண்ணன்!

அடுத்த கதை நம் தமிழ்நாட்டுக் கடற்கரையோடு தொடர்புடையது. கருட சேவை போன்ற ஊர்வலங்களில் முன்பெல்லாம் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து செல்வார்கள். அதன் வெள்ளை வலைக்கு மேன்டில் என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் அவுவர் பான் வெல்ஸ்பாக். தோரியத்தோடு சிறிது சீரியம் சேர்த்து அவர் அந்த வலையைச் செய்தார். தோரியம் மோனசைட் மணலிலிருந்து கிடைப்பது. அதைப் பிரித்தெடுத்த பின் சீரியம் முதலிய உலோகங்கள் வேண்டாப் பொருளாகக் குவிந்து கிடந்தன. அந்தக் குப்பையை இரும்போடு உருக்கிச் சேர்த்து, 1903-இல் அவர் ஒரு கலவை உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கீறினால் பொறி பறக்கும். சிகரெட் லைட்டரிலும் பழைய அடுப்பு லைட்டரிலும் 'கல்' என்று நாம் சொல்வது கல் அல்ல, இந்த உலோகம்தான். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், நம் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அந்தத் தடத்தைப் பிடித்து வந்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள்.

இன்று நம் வீடுகளில் 'டிக்' என்று அடிக்கும் லைட்டரில் அந்தக் கல்லும் கிடையாது. ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் 1880-இல் கண்ட உண்மைதான் அங்கே வேலை செய்கிறது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றும். லைட்டருக்குள் ஒரு சுத்தியல் படிகத் துண்டைத் தட்டுகிறது; ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து, சில மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்டுகிறது. ஓவனில் பொருத்திய லைட்டர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடம் பிடிப்பதையும் பலர் பார்த்திருப்பீர்கள். பொறிமுனையைத் தாங்கும் பீங்கானில் ஈரமோ கரியோ படிந்தால், மின்சாரம் காற்றைத் தாண்டும் சிரமத்தை மேற்கொள்ளாமல் பீங்கானின் மேல்பரப்பிலேயே வழுக்கிப் போய்விடும். 'டிக்' சத்தம் கேட்கும், பொறி இராது. உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பொறி இருந்தும் பற்றவில்லை, அல்லது பற்றியும் மஞ்சளாகப் புகைகிறது என்றால், குற்றம் காற்றுக் கலவையில் இருக்கும். அங்கே நாம் சந்திக்க வேண்டியவர் பன்சன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அவர் பெயர் தாங்கிய அடுப்பை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் புதிய ஆய்வுக்கூடம் எழும்பிய சமயம், 1855-இல், கரி பிடிக்காத சூடான சுடர் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. எரியும் இடத்துக்கு வருமுன்பே வாயுவோடு காற்றைக் கலந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். பல்கலைக்கழகக் கைவினைஞர் பீட்டர் டெசாகா அதை உருப்படியாகச் செய்து கொடுத்தார். பன்சன் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. அடியில் துளை, துளையை மூடித் திறக்க ஒரு வளையம், இவ்வளவுதான். பேக்கரி ஓவனின் பர்னரும் படுத்துக் கிடக்கும் பன்சன் அடுப்பே. காற்றுத் துளையை மைதாத் தூசி அடைத்தால் சுடர் மஞ்சளாகும். பூச்சி கூடு கட்டினாலும் அப்படியே. ஒரு எச்சரிக்கை: உப்புத் தூள் விழுந்தாலும் சுடர் மஞ்சளாகும், அது சோடியத்தின் நிறம். அந்த மஞ்சள் சில நொடியில் மறைந்துவிடும், பாத்திரத்தில் கரியும் பிடிக்காது. இந்த நிறங்களை ஆராய்ந்துதான் பன்சனும் கிர்க்காபும் 1860-இல் சீசியத்தையும், அடுத்த ஆண்டு ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால், சமையலறை மஞ்சளை அலட்சியமாகப் பார்க்கத் தோன்றாது.

காற்றும் வாயுவும் குழாய்க்குள்ளேயே கலந்திருக்கும்போது தீ ஏன் உள்ளே ஓடிவிடுவதில்லை? இதற்கு விடை நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. 1812 மே 25 அன்று இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டனர். சுரங்கத்துக்கு ஒரு பாதுகாப்பு விளக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, 1815-இல் ஹம்ப்ரி டேவி அதில் இறங்கினார். மெல்லிய கம்பி வலை சுடரின் வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், சுடர் அதைத் தாண்ட முடிவதில்லை என்று கண்டார். பர்னரின் சிறு துளைகளும் அதே காவலைச் செய்கின்றன. அடைப்பு எடுக்கிறேன் என்று ஆணியால் குத்தித் துளையைப் பெரிதாக்கினால் அந்தக் காவல் போய்விடும். பட்டென்ற ஓசையோடு தீ உள்ளே பாயும். இதைச் செய்பவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் சொல்கிறேன்.

இனி நம் பேக்கரிக்காரரின் குமிழுக்கு வருவோம். பொறி நன்றாக இருக்கிறது, கலவையும் சரி, சுடர் நீலமாக எரிகிறது. ஆனாலும் கையை எடுத்தால் அணைகிறது. ஏன்?

சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உலோக முனை ஒன்றை அங்கே பார்க்கலாம். மெக்கானிக்குகள் தெர்மோகப்பிள் என்பார்கள். பாடப்புத்தகத்தில் வெப்ப மின்னிரட்டை. அடுப்பு எரிகிறதா இல்லையா என்று வால்வுக்குச் சாட்சி சொல்வது இந்த முனைதான். 1821-இல் பெர்லினில் தாமஸ் சீபெக் இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினார். வளையத்தின் அருகே வைத்த காந்த ஊசி திரும்பியது. வெப்ப வேறுபாடு உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று அவர் எண்ணிக்கொண்டார். வளையத்தில் மின்சாரம் ஓடுகிறது, ஊசியைத் திருப்புவது அதுதான் என்பதை எடுத்துச் சொன்னவர் டென்மார்க்கின் எர்ஸ்டெட். சீபெக் கடைசிவரை அதை மனமார ஏற்கவில்லை. தவறான விளக்கம் சொன்னவரின் பெயரே அந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, கண்டவர் அவர்தானே.

இந்த இணைப்பு தரும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். அடுப்புகளில் பயன்படும் உலோகங்களில் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் அறுபது பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடரில் உள்ள முனைக்கும் வெளியே உள்ள முனைக்கும் 400 டிகிரி வேறுபாடு இருந்தால் 24 மில்லிவோல்ட். டார்ச் செல் ஒன்றின் அழுத்தத்தில் அறுபதில் ஒரு பங்குதான்! இதைக் கொண்டு ஒரு வால்வைத் திறக்க முடியுமா? முடியாது. திறக்கவும் தேவையில்லை.

இங்கேதான் பொறியியலாரின் சாமர்த்தியத்தைக் காணவேண்டும். காந்தம் தொலைவில் உள்ள இரும்பை இழுப்பது கடினம். ஒட்டிக்கொண்டுவிட்ட இரும்பை விடாமல் பிடித்திருப்பது எளிது. பள்ளியில் காந்தத்தோடு விளையாடிய எவருக்கும் இது தெரியும். குமிழை அமுக்கும்போது வால்வைத் திறப்பது உங்கள் கைவிரல். அதே விரல் வால்வோடு சேர்ந்த இரும்புத் துண்டைக் கொண்டுபோய் ஒரு சிறு மின்காந்தத்தோடு ஒட்டவைக்கிறது. இருபது முப்பது நொடியில் முனை சூடேறி, மின்சாரம் ஓடி, காந்தம் உயிர் பெறுகிறது. இனி விரலை எடுக்கலாம். சுடரின் வெப்பமே வால்வைப் பிடித்துக்கொள்ளும். காற்றடித்தோ பால் பொங்கியோ சுடர் அணைந்தால் முனை ஆறும், காந்தம் கைவிடும், வில்சுருள் வால்வை மூடிவிடும். மின் இணைப்பு வேண்டாம், பாட்டரி வேண்டாம். நெருப்பு தன்னைத் தானே காவல் காக்கிறது.

அப்படியானால் பேக்கரியில் காந்தம் ஏன் பிடிக்கவில்லை? இந்த இடத்தில் ஒரு பள்ளி ஆசிரியரை அறிமுகம் செய்கிறேன். கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த கேயார்க் ஓம், மின்சாரம் எந்த விதிப்படி ஓடுகிறது என்று 1825-இல் ஆராய்ந்தார். அக்கால மின்கலங்களின் அழுத்தம் நொடிக்கு நொடி மாறியதால் கணக்கு உதைத்தது. சீபெக்கின் இரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று பொகெண்டார்ஃப் யோசனை கூறினார். ஓம் பிஸ்மத், செம்பு இணைப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதை உருகும் பனியிலும் வைத்தார். அழுத்தம் அசையாமல் நின்றது. வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளை இணைத்து அளந்து, 1826-இல் தம் விதியை வெளியிட்டார். நீங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் ஓம் விதி, இந்த ஓவன் முனையின் மூதாதையைக் கொண்டு கண்டதுதான்.

பேக்கரி ஓவனின் கோளாறும் ஓம் விதிக் கோளாறே. முனை, செம்புக் குழாய், காந்தச் சுருள் எல்லாம் சேர்ந்த தடை ஓர் ஓமில் நூற்றில் நாலு பங்கு என்று கொள்வோம். 24 மில்லிவோல்ட்டை 0.04 ஓமால் வகுத்தால் 0.6 ஆம்பியர், காந்தம் கெட்டியாகப் பிடிக்கும். இப்போது இணைப்பு நட்டு சற்றே தளர்ந்து, இடையில் எண்ணெய்ப் படலம் புகுந்து, 0.2 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டம் 0.1 ஆம்பியராக விழுந்துவிடும். வீட்டு மின்விளக்குக்கு அந்த 0.2 ஓம் ஒரு பொருட்டே அல்ல. இந்தச் சாட்சிக்கோ அது வாயைப் பொத்திவிடும்.

ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் மல்டிமீட்டரை எடுத்தேன். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றோட விட்டு, நட்டைக் கழற்றி முனையை வெளியே எடுத்தேன். தனியான ஒரு சுடரில் காட்டினேன். மீட்டர் மெல்ல ஏறி 23 மில்லிவோல்ட்டில் நின்றது. முனை பிழைத்திருக்கிறது! எட்டு, பத்துக்கு மேல் ஏறாதிருந்தால் முனையையே மாற்ற வேண்டியிருக்கும். நட்டு உட்காரும் இடத்தில் நெய்ப்பிசுக்கும் மாவும் சேர்ந்து பசையாக அப்பியிருந்தது. துணியால் துடைத்து, கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருகினேன். அளவுக்கு மீறி இறுக்கினாலும் முனையிலுள்ள காப்பு நசுங்கிப் போகும். சோப்பு நுரை தடவி வாயுக் கசிவில்லை என்று பார்த்துக்கொண்டேன். வால்வின் உட்பகுதியை நான் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள், அது பயிற்சி பெற்றவர் வேலை.

பழுது இந்த ஒரே இடத்தில்தான் வரும் என்பதில்லை. முனை சுடருக்குள் நிற்காமல் விலகி வளைந்திருக்கலாம். சிறு துளை அடைத்துச் சுடரே சோனியாகி இருக்கலாம். புதிய பெரிய ஓவன்களில் சாட்சியும் வேறு. சுடரில் அயனிகள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்னேற்றம் பெற்ற பொருளின் ஏற்றத்தைச் சுடர் போக்கிவிடுகிறது என்பதை 1600-லேயே கில்பர்ட் குறித்து வைத்தார். அந்த ஓவன்களில் ஒரு கம்பியைச் சுடரில் நிறுத்தி, ஒரு சில மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறதா என்று மின்னணுச் சுற்று பார்க்கிறது. கட்டடத்தில் எர்த் சரியில்லாவிட்டால் அது "சுடர் இல்லை" என்று முடிவு செய்து அடுப்பை நிறுத்திவிடும். ஓவனில் குற்றம் தேடி ஒரு நாளைக் கழித்து, கடைசியில் சுவரிலுள்ள பிளக்கில் அதைக் கண்ட அனுபவம் பலருக்கு உண்டு.

"மூக்கு இருக்கே சார், வாசனை வராதா?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் அந்த நாற்றம் வாயுவுக்குச் சொந்தமானது அல்ல. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை வாயு தேங்கி, பொறி பட்டு வெடித்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பிறகே வாயுவில் நாற்றப் பொருளைக் கலப்பது சட்டமாயிற்று. 1955-இல் பர்மா ஷெல் பம்பாயில் சமையல் வாயுவை விற்கத் தொடங்கியபோதும், 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் வந்தபோதும், அந்தப் பாடம் ஏற்கெனவே உலகுக்குக் கிடைத்திருந்தது. நம் சிலிண்டரில் கலப்பது எதில் மெர்காப்டன். ஆனால் மூக்கு ஒரே நாற்றத்தில் சில நிமிடம் இருந்தால் மரத்துப் போகும். ஏலக்காயும் வெண்ணெயும் மணக்கும் பேக்கரியில், விடிகாலை மூன்று மணித் தூக்கக் கலக்கத்தில் இருப்பவனின் மூக்கை நான் நம்பமாட்டேன்.

பையன் சீவலை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓவனைப் பற்றவைத்து, முப்பது எண்ணி, குமிழை விடச் சொன்னேன். சுடர் நின்றது. சாட்சி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எனக்குப் போக மனமில்லை. ஓவன் கதவைத் திறந்தபடியே வைத்து, சிலிண்டர் பக்கத்தில் பேக்கரிக்காரரை நிறுத்திவிட்டு, அடுப்பின் குழாயை மூடாமல் ஓர் அட்டையால் விசிறிச் சுடரை அணைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் மூடவில்லையானால் சிலிண்டரை மூடிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மூவரும் உரக்க எண்ணினோம். இருபத்தாறு எண்ணியபோது உள்ளே 'டிக்' என்றது.